நூற்று நாற்பத்து மூன்றாம் நம்பர்

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தன் முதுகுப்பை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஊர்சுற்றிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பையில் ஓர் அட்டை தொங்கியது. அதில் 143 என்று எழுதியிருந்தது.

ஊர்சுற்றி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். எதையும் உற்றுப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று காலையிலிருந்து கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்தான், பீரங்கிக்குள் கையை விட்டுப் பார்த்தான், மணிக்கூண்டின் படிகளை எண்ணிப் பார்த்தான். ஏறும்போது நூற்றி நாலு, இறங்கும்போது நூற்றி மூன்று. அந்த ஒரு படி எங்கே போனது என்று மதியம் வரை யோசித்தான்.

கடைசியாக வந்தது, மியூசியமாகிவிட்ட இந்தப் பழைய கவர்னர் மாளிகைக்கு. பாரம் தாங்காமல் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, கூரையில் தொங்கும் துணி விசிறியின் கயிறு எந்த ஓட்டை வழியாக வெளியே போகிறது என்று பார்க்க மாடிக்குப் போனான். அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

ஐந்து மணிக்குக் கப்பல். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பைக்குள் இருந்தன.

"அண்ணே, அது என் பை."

பழைய குடை ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த காவல்காரர் திரும்பினார். "நம்பர் போட்டாச்சே தம்பி."

"யாரு போட்டா?"

"இன்னைக்கு வருஷாந்திரச் சரிபார்ப்பு. அறையில இருக்கறதை எல்லாம் எண்ணுவாங்க. நம்பர் விழுந்துட்டா அது மியூசியத்துப் பொருள். மாடியில மேடத்தைப் பாருங்க. யோசிச்சுப் பேசுங்க."

காப்பாளர் அம்மையார் பெரிய பதிவேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "உங்க பையா? அடையாளம் சொல்லுங்க."

இது போதுமே! "காக்கிக் கலர் கித்தான் மேடம். இடது பக்க வார் அறுந்து போச்சு. கீழ் மூலையில மைக் கறை இருக்கும்."

அம்மையார் பதிவேட்டில் விரலை ஓட்டினார். துள்ளி எழுந்தார். "பாருங்க! 'நூற்று நாற்பத்து மூன்று. பயணியின் மூட்டை. கித்தான். வார் அறுந்தது. கறை உண்டு.' நாலு வருஷமா காணோம்னு எழுதிட்டிருந்தோம் சார்!"

"அது வேற மூட்டை மேடம்! இது என்னுது!"

"அடையாளம் அப்படியே பொருந்துதே?"

"திறந்து பாருங்க. பாஸ்போர்ட்ல என் போட்டோ இருக்கு."

"காட்சிப் பொருளை நினைச்சபடி திறக்க முடியுமா? நிபுணர் வரணும்."

மணி நான்கு. பதறிப்போய் ஒரு பொய்யை எடுத்து விட்டான். "அது எங்க தாத்தா தூக்கின பை மேடம். குடும்பச் சொத்து."

"தாத்தாவோடதா?" அம்மையார் பேனாவை எடுத்தார். "நல்லவேளை, காலம்னு ஒரு கட்டம் காலியா கிடந்துச்சு. எண்பது வருஷம்னு போட்டுக்கறேன்."

போன வருஷம் வாங்கிய பை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்குக் கப்பலே கிடைக்காது போலிருந்தது.

கீழே ஓடினான். காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம், கயிற்றைத் தாண்டிப் பையைத் தூக்கினான். மாளிகையே அதிரும்படி மணி அலறியது. வாசலில் நின்ற சுற்றுலாக் கூட்டம் உள்ளே ஓடிவந்து படம் எடுத்தது. அம்மையாரும் வந்தார்.

"இவ்வளவு மதிப்புள்ள பொருளை வெறும் கயித்துக்குள்ள வச்சது என் தப்பு" என்றார்.

ஐந்தே நிமிடத்தில் பை கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பூட்டும் விழுந்தது.

"நான் இப்ப என்னதான் மேடம் பண்றது?"

"மனு எழுதுங்க. குழு கூடி முடிவு பண்ணும்."

"குழு எப்பக் கூடும்?"

"எல்லாரும் ஊர்ல இருக்கறப்ப."

மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தான். துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு நீளமாக ஒலித்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இனி எப்படி வீட்டுக்குப் போவது?

காவல்காரர் டீ வாங்கிவந்து கொடுத்தார். கூடவே, தான் போட்டிருப்பதைப் போலவே மடித்த காக்கிச் சட்டை ஒன்றை அவன் மடியில் வைத்தார். எதுக்கு என்று கேட்க வாயைத் திறந்தவனின் பார்வை குடையின் மேல் போனது. '87. கவர்னர் பயன்படுத்திய குடை' என்றது அட்டை. கப்பல் போனாலும் குணம் போகவில்லை. குனிந்து கைப்பிடியை உற்றுப் பார்த்தான்.

"ஏண்ணே, பட்டனை அமுக்கினா விரியற குடை கவர்னர் காலத்துலயே இருந்துச்சா?"

காவல்காரர் துணியை எடுத்து, கைப்பிடியை ஒரு தடவை மெதுவாகத் துடைத்தார்.

"நான் இங்க சுத்திப் பாக்க வந்த அன்னைக்கு நல்ல மழை தம்பி. ஈரமா இருக்கேன்னு அதே மூலையிலதான் சாத்தி வச்சேன். குழு கூடட்டும்னு பதினோரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."