துணி பாயின் டேப்லெட்

உலகத்து அழுக்கை எல்லாம் மன்னித்துவிட்டு, ஒரே ஒரு கண்ணாடியில் விழும் கைரேகையை மட்டும் மன்னிக்காத மனிதர் துணி பாய். பழவேற்காட்டில் நண்டு வியாபாரி. ஊர் ஊராய்ச் சுற்றிய நான், போன வருஷம் சோற்றுக்காக அவரிடம் நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சட்டை கடைசியாக எப்போது துவைக்கப்பட்டது என்பது ஆராய்ச்சிக்குரியது. கடைத் தரையில் ஏரிச் சேறு அடுக்கடுக்காய்க் காய்ந்திருக்கும். வேலையாட்கள் நாங்கள் படுத்ததும் அதன்மேல்தான். அதில் பாய்க்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால், சென்னை விலை பார்க்கும் டேப்லெட்டுக்கு ராஜ உபசாரம். துடைப்பதற்கு முன் சுவிட்சை அணைப்பார். சூடு ஆறட்டும் என்று விடுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்த மெல்லிய துணியின் ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர், அதையும் பிழிவார். ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே அந்தத் துணியால்தான். திரைமேல் நேராகத் தண்ணீர் தெளிப்பவன் அவர் கண்ணுக்குக் கொலைகாரன். கைக்குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் அழுத்தாமல் துடைப்பார். எங்களுக்கு முகம் கழுவக் கொடுத்தது நண்டு கழுவிய வாளி.

ஒருமுறை சென்னை வியாபாரி ஒருவர், நோட்டு எண்ணும் பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டு அந்தத் திரையில் விலையைத் தள்ளிப் பார்த்துவிட்டார்.

"எச்சியா? என் கண்ணாடிமேலயா? உனக்கு நண்டு இல்ல, போய்யா!"

காலி ஐஸ் பெட்டியோடு வந்தவர், காலி ஐஸ் பெட்டியோடு திரும்பினார்.

துபாயில் இருக்கும் பாயின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. முதல் பேரன். சாயங்காலம் வீடியோவில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். பாய் தொழப் போன நேரம் பார்த்து, தோணிரேவுக் குப்பத்திலிருந்து நண்டு கொண்டுவரும் கன்னியம்மா அவருக்கு ஒரு நல்லது செய்தாள். மீனை உரசும் சாம்பலை ஈரத்தில் தொட்டு, டேப்லெட்டை விளக்கி வைத்தாள்.

வெற்றிலையை மென்றபடி வந்த பாய் பார்த்தார். திரை முழுக்கக் கீறல். தொட்டால் அசையவில்லை.

"அடிப்பாவி! இது இன்னா கொடுவா மீனா?"

"குண்டானே பளிச்சுனு ஆவுது பாய். பேரப்புள்ள மூஞ்சி நல்லா தெரியட்டும்னுதான்..."

எங்களிடம் இருந்ததெல்லாம் பட்டன் போன், அதில் வீடியோ வராது. லைட்ஹவுஸ் குப்பத்துப் படகு இன்ஜின்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் பெட்ரோல் வுட்டுத் தொட பாய், எந்த மெஷினும் ஓடும்" என்று வைத்தியம் சொன்னார். பாய் பார்த்த பார்வையில் அவர் ஏரிக்கரைவரை நிற்கவில்லை.

பாய் டேப்லெட்டை அணைத்தார். சாய்த்துப் பிடித்துச் சாம்பலை உதிர்த்தார். பிழிந்த துணியால் ஓரம் ஓரமாக எடுத்தார். காயும்வரை காத்திருந்தார்.

திரும்பப் போட்ட கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. பாய் விரலை வைத்தார். திரை நகர்ந்தது.

"வாப்பா, தெரியுறானா?"

கீறல்களுக்கு நடுவே ஒரு சிவந்த முகம் வாயைப் பிளந்து அழுதது.

"தெரியுறான்மா" என்றவர், வெற்றிலை வாயோடு திரையில் ஒரு முத்தம் வைத்தார்.

மறுநாள் காலையிலும் அந்தச் சிவப்புத் தடம் அப்படியே இருந்தது. நான் துணியை எடுத்தேன்.

"கை வெச்சே, நண்டுக்குப் பதிலா உன்னக் கட்டிடுவேன்."

அன்று முழுவதும் அந்தக் கறையின் வழியாகத்தான் விலை பார்த்தார். ஒன்றும் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.