ரெண்டாம் துண்டு எடுக்காத ருசிக் காக்கா

கல்முனைச் சந்தையில் ஒரு சதமும் கொடுக்காமல் எல்லாவற்றையும் தின்று முடித்த ஒரே மனிதர் ஊருக்கே அண்ணனான எங்கள் ருசிக் காக்காதான். தொதல், முஸ்கட் என்று இனிப்புகள், சட்டித் தயிர், பேரீச்சம்பழம், எதையும் விட்டதில்லை. மாவடிப்பள்ளி அரிசியைப் பச்சையாக வாயில் போட்டு மென்று, "பழசோட கலந்திரிக்கி" என்பார். தளபாடக் கடையில் கட்டில் பார்க்கப் போனவர், பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை அதிலேயே தூங்கிவிட்டு, "கால்மாட்டுல கிறீச்சிடுது" என்று எழும்பி வந்ததை நானே கண்டேன்.

ஆட்டோ ஓட்டுவது அவர் தொழில். நிந்தவூரிலிருந்து கல்முனைப் பாடசாலைக்கு என்னை ஏற்றி இறக்கியவர். ருசி பார்ப்பதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "ருசி பார்க்கிறது நம்மட உரிமை, டீச்சர். ரெண்டாம் துண்டு எடுத்தா அது களவு." கடைக்காரர் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. தொதல் கடை ஹாஜியாரோ, காக்கா சப்புக்கொட்டித் தலையாட்டும்வரை அகப்பையைக் கீழே வைக்கமாட்டார். குறை இருந்தால் காக்கா சொல்வார். வாங்குவதைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் நடந்துவிடுவார். பேசாமல் போனால் வேண்டாம் என்று அர்த்தம். இது சந்தையில் எல்லாருக்கும் தெரியும்.

கொழும்புக் கம்பனிக்காரனுக்குத்தான் தெரியவில்லை.

வாடகை ஆட்டோ ஓட்டிக் களைத்தவர், லீசிங்கில் சொந்தமாக ஒன்று எடுக்க ஆசைப்பட்டார். எப்போதோ மச்சானுடைய கடனுக்குப் பிணை நின்றிருந்தார். அதனால் தன் பெயரில் கறை இருக்குமோ என்று பயம். அந்த நேரம் பார்த்து ஃபோனில் ஒரு விளம்பரம் வந்தது. கடன் விஷயத்தில் உங்கள் பெயர் சுத்தமா, ஒரு கிழமை, ஏழு நாள், இலவசமாகப் பாருங்கள் என்றது.

"பேங்க் கார்ட் நம்பர் கேட்டான், குடுத்தன். சும்மாதானே, டீச்சர்."

பார்த்தார். பெயர் சுத்தம். ருசி பார்த்தாயிற்று, வழக்கம்போல் பேசாமல் நடந்துவிட்டார்.

ஆட்டோ வந்தது. முன்கண்ணாடியில் 'மாஷா அல்லாஹ்' ஒட்டினார். கூடவே கம்பனியும் வந்தது, கூப்பிடாமலே. மாதா மாதம் அவருடைய கணக்கில் ஒரு கடி கடித்தது. இங்கிலீஷில் வந்த செய்திகளைக் காக்கா ஏதோ பெருநாள் வாழ்த்து என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தார். கடித்துக் கடித்து, ஆட்டோத் தவணை போகிற நாளில் கணக்கில் காசு போதாமல் போனது. அடுத்த மாதமும் அதே கதை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வண்டியைத் தூக்குவோம் என்று லீசிங் ஆட்கள் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் புதிதாக வந்த ஒரு செய்தியை வாசித்துக் காட்டச் சொல்லி ஃபோனை என்னிடம் நீட்டினார். வாசித்ததும் எனக்கு உச்சி கொதித்தது. 'எச்சரிக்கை. உங்கள் பெயர் பழுதாகியுள்ளது. காரணத்தை அறிய மேலதிகக் கட்டணம் செலுத்தவும்.' பெயரைக் காக்க வந்தவனே பெயரைக் கெடுத்துவிட்டு, கெட்டுப்போன செய்தியைச் சொல்லவும் காசு கேட்கிறான். கள்ளன் திருடிவிட்டுப் போகும்போது கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் களவு போயிருக்கிறது, கூலி தாருங்கள் என்றால் நாம் சும்மா விடுவோமா?

காரைதீவுச் சந்தியில் ஆட்டோவை ஓரங்கட்டிக் கம்பனிக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டோம். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டுக் கேள் என்று இழுத்தடித்த பிறகு ஒரு பிள்ளை வந்தாள். குரல் மட்டும் தேன்.

"ஒரு கிழமைக்குள்ள வேணாம் எண்டு நீங்க சொல்லயில்லையே, சேர்."

"வேணும் எண்டும் நான் சொல்லயில்லையே, மகள்."

"ஒண்டும் சொல்லாட்டி சம்மதம் எண்டுதான் நாங்க எடுப்பம், சேர்."

காக்கா தன் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டார்.

"பேசாம இருந்தா சம்மதம் எண்டு எடுக்க நான் என்ன கல்யாணப் பொண்ணா, மகள்?"

அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள். "நிறுத்தாதீங்க சேர். இன்னும் ஒரு மாதம் உங்களுக்கு இலவசமாத் தாறம்."

நான் ஃபோனைப் பறித்தேன். அதன்பிறகு சொன்னவற்றை ஓர் ஆசிரியை பத்திரிகையில் எழுதக்கூடாது. கம்பனி நிறுத்தியது. எடுத்த காசு எடுத்ததுதானாம், அது விதியாம். வெட்கங்கெட்டவர்கள். ருசிக்கு ஒரு துண்டு நீட்டுகிற மாதிரி நீட்டி, கையையே கடித்துவிட்டார்கள்.

காக்கா கார்டை மாற்றிவிட்டு, தூரத்துச் சாகாமம் வரைக்கும் கிடைத்த சவாரியெல்லாம் ஓடினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் நிலுவையைக் கட்டி முடித்தார். ஆட்டோ தப்பியது.

ஆனால் சந்தையில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். தயிர்க்காரர் கரண்டியை நீட்டினால், "வேணாம், வேணாம்" என்று விலகினார். ஹாஜியார் தொதல் துண்டை நீட்டியபோது, "இதுக்குப் பொறகு என்ன எடுப்பீங்க?" என்று கேட்டாராம். ஹாஜியார் முகம் செத்துப்போனது. காசு போனதைவிட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு மனிதர் ஆயுள் முழுக்க நம்பிய சின்னச் சந்தோஷத்தை ஒரு கம்பனி களவெடுத்துவிட்டது. இதற்கு எந்த இலக்கத்தை அழுத்தி முறையிடுவது?

ஒருநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தொதல் வாங்க ஆட்டோவை ஹாஜியார் கடையில் நிறுத்தச் சொன்னேன். காசு கொடுத்துப் பார்சலை வாங்கும்போது, ஹாஜியார் வாழையிலையில் ஒரு துண்டோடு இறங்கி ஆட்டோவுக்கே போனார்.

"தின்னா என்ன நடக்கும், ஹாஜியார்?"

"ஒண்டும் நடக்காது, தம்பி. தின்னுட்டுப் பேசாமப் போ. நாளைக்கும் ஒண்டும் நடக்காது."

காக்கா இலையைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார். பிறகு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"சீனி கூடிட்டு," என்றார்.

ஹாஜியார் நேராக என்னிடம் வந்து பார்சலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காசைத் திருப்பித் தந்தார். "இது வேணாம், டீச்சர். நாளைக்கு நல்லதாக் கிண்டித் தாறன்." அவர் கண் கலங்கியிருந்தது. வாயெல்லாம் சிரிப்பு.

அன்று எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கு வெறும் பிளேன்டீதான். எனக்கு ஒரு கவலையும் இல்லை. எங்கள் காக்கா திரும்பி வந்துவிட்டார்.