படையைக் காணாமல் ஆக்கிய படம்

அரைகுறையாகத் தொழில் தெரிந்தவன், ஒன்றும் தெரியாதவனைவிட ஆபத்தானவன். நான் அந்த ரகம். மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில், காஜா பெராங் என்ற இடத்தில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு சீன முதலாளியின் புகைப்படக் கடையில் எடுபிடியாக இருந்தேன். (வெளியே படக்காரன் என்று சொல்லிக்கொண்டேன்.)

தவுக்கேயிடம் போன நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களின் படங்கள் ஓர் ஆல்பம் நிறைய இருந்தன. தூண், வளைவு, தெருவில் பாவிய கல், எல்லாம் அப்படியொரு துல்லியம். எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கு. மூடியைத் திறந்து ரொம்ப நேரம் விடு. கட்டடம் எங்கேயும் ஓடாது லா" என்றார்.

அத்தனை பெரிய தெருக்களில் ஏன் ஓர் ஆள்கூட இல்லை என்று கேட்க எனக்குப் புத்தியில்லை. (வெள்ளைக்காரர்கள் பகலில் தூங்குவார்கள் என்று நினைத்தேன்.)

தவுக்கே காய்ச்சலில் கிடந்த நாளில் ஜப்பானிய அதிகாரி வந்தார். எங்கள் தெருவில் படை அணிவகுத்துப் போவதைப் படமெடுக்க வேண்டுமாம். ஐரோப்பியப் படம்போலவே எடுத்துக் காட்டுகிறேன் என்ற திமிரில் நானே கிளம்பினேன்.

கடைவாசல் தூணோரம் அக்கா புருஷன் நின்றார்.

"டேய் மச்சான், என் மூஞ்சி விழுமா?"

"விழும் அத்தான். நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க."

"மூச்சு விடலாமாடா?"

"மெதுவா விடுங்க."

படை வந்தது. தெருவே குனிந்து வணங்கியது. குனியாதவனுக்கு அடி விழும் காலம் அது. அத்தான் தூண் மறைவில், படையின் கண்ணில் படாமல், சிலையாக நின்றார். நானோ லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கி, மூடியை ரொம்ப நேரம் திறந்துவிட்டு, கட்டடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தைக் கழுவினேன். கூரை ஓடுகள், சன்னல் பலகைகள், எல்லாம் அபாரம். படையைக் காணோம்! மூடி அத்தனை நேரம் திறந்திருந்ததில் நடந்தவன், குனிந்தவன், நிமிர்ந்தவன், அசைந்த ஒருவனும் பதியவில்லை. வெறிச்சோடிய தெருவில் தலைநிமிர்ந்து அத்தான் மட்டும். சட்டைப் பித்தான்கூடத் தெரிந்தது.

படம் கெட்டுப்போச்சு என்று கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அடி எனக்கு விழும். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மானா அஸ்கார்?" என்றார் அதிகாரி. சிப்பாய்கள் எங்கே என்று மலாயில் கேட்கிறார். பிறகு படத்தில் அத்தான்மேல் விரலை வைத்தார். "இவன் யார்? ஏன் குனியவில்லை?"

நான்தான் அசையாமல் நிற்கச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தானின் பெயரும் வீடும் மட்டும் வந்தன.

அத்தானை நடுத்தெருவில் நிறுத்தி அறைந்தார்கள். அவருக்கு இடது காது கேட்பது அன்றோடு போனது.

இப்போதும் வீட்டுக் கல்யாணங்களில் படக்காரர் "அசையாதீங்க" என்றால் போதும், அத்தான் இடுப்பை ஒடித்துக் குனிவார். பிள்ளைகளும் பேரன்களும் வரிசையாகக் குனிவார்கள். குடும்பப் படம் முழுக்க முதுகுகள்.

"என்னடா மச்சான், நீ மட்டும் சிரிக்க மாட்டேங்கிற?" என்பார்.

அவரிடம் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எப்போதும் இடது காதுப் பக்கமாக நின்றுதான்.