ரசவாளிச் சேர்மன்

உலகத்திலேயே ரசத்தை வைத்து ஆட்சி நடத்திய ஒரே மனிதர் எங்கள் சேர்மன்தான். பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பேரூராட்சியில் அவர் சொந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘ரசவாளி’ என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல் சுயேச்சையாக வார்டு மெம்பருக்கு நின்றார். கிடைத்த சின்னம் சீப்பு. அவர் தலையிலோ மருந்துக்குக்கூட முடி கிடையாது. சீப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் தெருத்தெருவாகக் கும்பிட்டு வந்த காட்சிக்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றை ஒன்று வரவிடக் கூடாது என்று முட்டிக்கொண்டதில், நடுவில் நின்ற இவர் சேர்மன் ஆகிவிட்டார்.

ஆனால் அலுவலகத்தில் மனு வாங்க மாட்டார். கல்யாணப் பந்தியில்தான் வாங்குவார். அழைத்த கல்யாணம், அழைக்காத கல்யாணம் என்ற பேதமெல்லாம் பார்ப்பதில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை இடுப்பில் சுற்றி, நேராகப் போய் ரசவாளியைத் தூக்கிவிடுவார்.

“ஏனுங்க, அதென்ன ரசம்? சாம்பார் ஊத்தக் கூடாதுங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சாம்பாருக்கு மனுசன் பசியில இருப்பானுங்க கண்ணு, பேச மாட்டான். பாயசம் வந்துட்டா சந்தோசத்துல குறையே மறந்துபோயிரும். ரசத்துக்குத்தான் வாயத் தொறப்பான்.”

தாசில்தாராக இருந்தபோது பட்டா மாற்ற வந்த ஒரு விவசாயி, இவர் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்ற பயத்தில் வந்த விஷயமே மறந்துபோய், “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். அன்றைக்கே இவருக்கு நாற்காலி கசந்துவிட்டது. “நான் உக்காந்து அவரு நின்னாக் காரியம் ஆகறதில்லீங்க. அவரு உக்காரோணும், நான் நிக்கோணும். அதுக்குப் பந்திய விட்டா வேற எடம் ஏதுங்க?” என்பார்.

கையெழுத்து வாங்க மண்டபத்துக்கு வரும் செயல் அலுவலர் கையில் அப்பளக் கூடை ஏறிவிடும். “எங்க வீதியில சாக்கடைத் தண்ணி ரோட்டுல ஓடுதுங்க” என்று சாப்பிட்டுக்கொண்டே ஒரு பெண் சொன்னால் போதும். “ஈ.ஓ. சார், அம்மணிக்கு ரெண்டு அப்பளம் வெச்சுப்போட்டு வீதி எதுன்னு கேட்டுக்குங்க” என்பார். அந்த வாரமே சாக்கடை சரியாகிவிடும். பேச்சு மும்முரத்தில் ரசம் மட்டும் இலையைத் தாண்டி மடியில் ஓடும். எங்கள் ஊரில் விசேஷத்துக்குப் பட்டு வேட்டி கட்டிப் போகிறவர்கள் குறைந்ததற்கு அவர்தான் காரணம்.

ஒருமுறை சிங்காநல்லூரில் மண்டபம் மாறிப் போய், முன்பின் தெரியாத கல்யாணத்தில் மூன்று பந்திக்கு ரசம் ஊற்றியிருக்கிறார். “நீங்க பொண்ணு ஊட்டுக்காரருங்களா, மாப்பிள்ளை ஊட்டுக்காரருங்களா?” என்று யாரோ சந்தேகப்பட்டுக் கேட்க, “ரசத்து ஊடுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தக் கோயமுத்தூர்க்காரர்கள் சொன்ன தெருவிளக்குக் குறைகளையும் விடாமல் கேட்டு வந்து, மாநகராட்சிக்கு அலைந்து சொல்லிவிட்டு வந்தார்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். நான் இதை எழுத உட்கார்ந்தது என் தங்கை கல்யாணத்தைச் சொல்லத்தான்.

எங்கள் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பாட்டன் காலத்தில் ஊர்க்காரர்களின் தோட்டங்காடுகளில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். அப்பா தறி ஓட்டி என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். ஊர்க்காரர்கள் எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். வருவார்கள், மொய் வைப்பார்கள், வாயார வாழ்த்துவார்கள். கை மட்டும் நனைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு முகூர்த்தம் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு விரதம் வந்துவிடும், மீதிப் பேருக்குச் சர்க்கரை ஏறிவிடும்.

அப்பா பிடிவாதமாக ஊர் நடுவில் இருக்கும் பெரிய மண்டபத்தைப் பிடித்தார். “ஊருக்கே இலை போடோணும்” என்று ஒரே சொல். அவ்வளவு சோற்றையும் கொட்ட வேண்டி வந்தால் மனுஷன் தாங்க மாட்டாரே என்று அம்மா புலம்பினார். சேர்மனுக்காக அப்பா ஒரு புது வாளியே வாங்கி வைத்திருந்தார்.

தாலி கட்டியாயிற்று. மாடியிலிருந்து இறங்கிய ஊர்க்காரர்களைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று அப்பா கும்பிட்டுக் கும்பிட்டு அழைத்தார். “சுகருங்க”, “இன்னைக்கு விரதமுங்க” என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். உள்ளே எங்கள் சொந்தங்கள் ஒரு வரிசை. மற்ற வரிசைகளில் தண்ணீர் தெளித்த இலைகள் ஆளில்லாமல் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது சேர்மன் வந்தார். நான் ஓடிப்போய் வாளியை நீட்டினேன்.

“இன்னைக்கு முட்டி வலிங்க கண்ணு. நீயே ஊத்து” என்றவர், காலி வரிசைக்கு நட்டநடுவில் போய் உட்கார்ந்தார்.

கூடவே வந்த செயல் அலுவலர் பழக்க தோஷத்தில் அப்பளக் கூடையைத் தேடினார். “நீங்களும் உக்காருங்க சார்” என்று சேர்மன் அவரையும் இழுத்து உட்கார வைத்தார். தறிப்பட்டறை முதலாளி ஒருவர் வாசலில் நின்றபடியே, “சேர்மன், நம்ம பைப் கனெக்சன் விசயம்...” என்று ஆரம்பித்தார்.

“உக்காந்து சொல்லுங்க.”

“இல்லீங்க, நான் இன்னைக்கு விரதம்...”

“அப்ப மனுவும் விரதம் இருக்கட்டுங்க.”

முதலாளி இப்படியும் அப்படியும் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்துக் கோழிப்பண்ணைக்காரர் உட்கார்ந்தார். அவருக்கு ரோடு வேண்டும். ஊரில் குறை இல்லாத வீடு ஏது? முதலில் காரியத்துக்காக உட்கார்ந்தார்கள், அப்புறம் பக்கத்து இலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள், கடைசியில் பசித்ததால் உட்கார்ந்தார்கள். சர்க்கரைக்காரர்கள் இரண்டாவது ஜாங்கிரி கேட்டார்கள்.

சேர்மன் இலைக்கு ரசத்தை ஊற்றி, “சேர்மன், உங்களுக்கு ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?” என்றேன்.

“ரசத்துல உப்புக் கம்மிங்க” என்றார்.

நாலாவது பந்திக்கு அப்பா சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தார். “சோறு தீந்துபோச்சு! டேய், சோறு தீந்துபோச்சுடா!” கூச்சமில்லாமல் கத்தினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன வார்த்தை வேறு எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. முட்டிவலிக்கார சேர்மன், மணமக்களை வாழ்த்த இரண்டிரண்டு படியாகத் தாண்டி மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தப் புது வாளியை அப்பா இத்தனை நாளும் பரணில் கவிழ்த்து வைத்திருந்தார். அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. வாளியை இறக்கித் துலக்கிவிட்டோம். இந்த முறை சேர்மன் உட்கார வேண்டியதில்லை. உட்கார ஊரே இருக்கிறது. ஆசை தீர நின்று ஊற்றட்டும், என் மடியில் கொட்டினாலும் பரவாயில்லை.