மூடிக்குக் கீழே ஒரு புள்ளி

முத்திரையைக் குத்தி முடித்து, படத்தை நிமிர்த்திப் பார்த்த பிறகுதான் ஹார்வி க்ளெம்முக்குத் தெரிந்தது, தப்பான படத்தில் குத்திவிட்டோம் என்று.

மேசையில் இரண்டு படங்கள். இரண்டிலும் மஞ்சள் கடுகு சாஸ் பாட்டில். ரெக்ஸ் மல்லோய் என்ற மகா கலைஞர் கண்ணை மூடியதிலிருந்து, அவர் துணியில் அச்சடித்தது என்று சொல்லிக்கொண்டு நியூயார்க்கில் வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் முளைத்துக்கொண்டிருந்தது. எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்வது மல்லோய் குழுவின் வேலை. போலி என்று முடிவானால், துணியின் முதுகில் சிவப்பு மையில் 'போலி' என்று குத்துவது ஹார்வியின் வேலை. வேறு பெரிய பொறுப்பு எதையும் அவனிடம் யாரும் கொடுத்ததில்லை.

குத்துவதற்காக இரண்டையும் கவிழ்த்துப் போட்டிருந்தான். இடது பக்கம் இருப்பது போலி என்று மனதில் குறித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மனைவி பெர்னடெட் போன் செய்து, வரும்போது பால் வாங்கி வரச் சொன்னாள். பேசிவிட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றான். இடது பக்கம் இருந்ததில் ஓங்கிக் குத்தினான். கவிழ்த்துப் போட்டால் எல்லாத் துணியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

குத்து வாங்கியது, அன்று காலை குழு ஒருமனதாக அசல் என்று சொன்ன படம். க்வீன்ஸிலிருந்து வந்த டெலாஹன்டி அம்மாளுடையது. மத்தியானம் வாங்கிப்போக வருகிறார்.

ஹார்வி வீட்டுக்குப் போன் செய்தான்.

"பெர்னி, என் வேலை போச்சு."

"பால் வாங்கினீங்களா?"

"லட்சக்கணக்குல விலை போற படத்துல போலின்னு குத்திட்டேன்டி!"

"அழிச்சிடுங்க."

"அழியவே கூடாதுன்னு தயார் பண்ண மைடி இது."

"எங்கம்மா எந்தக் கறையா இருந்தாலும் ஸ்பிரிட் போட்டுத்தான் எடுப்பாங்க. ஹார்வி, நான் மாசமா இருக்கேன். உங்க வேலை போனா இன்சூரன்ஸும் சேர்ந்து போயிடும். பிரசவத்தை சமையலறையிலயா வெச்சுக்கறது?"

ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தான். மை அழியவில்லை, பரவியது. கட்டைவிரல் அளவு இருந்த 'போலி' உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. முன்பு கிட்டே போனால்தான் தெரியும், இப்போது வாசற்படியிலிருந்தே படிக்கலாம்.

முத்திரையை மாற்ற முடியாது என்று ஆகிவிட்டது. தீர்ப்பை மாற்றினால் என்ன என்று ஹார்விக்குத் தோன்றியது.

கூட்ட அறையில் தலைவி விவியன் தார்ப்பும் புரொபசர் ஆக்டனும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவரில், குழுவின் மூலவர். மல்லோயின் அசல் என்று ஏலத்தில் எடுத்த கடுகு சாஸ் பாட்டில் படம். வருகிற படங்களை இதன் பக்கத்தில் வைத்து லென்ஸ் பிடித்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் அசல், போகாவிட்டால் போலி. மூலவருக்கு மட்டும் மூடிக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி உண்டு. அது அமெரிக்க வாழ்க்கையின் வெறுமை என்று புரொபசர் ஒரு தடிமனான புத்தகமே எழுதியிருக்கிறார்.

"மேடம், டெலாஹன்டி அம்மா படத்துல எனக்கு ஒரு சின்ன சந்தேகம்."

விவியன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உனக்கா?"

"நம்ம சுவத்துப் படத்தோட ரொம்ப ஒத்துப்போகுது மேடம்."

"ஒத்துப்போனாத்தானேப்பா அசல்?"

"அதில்லை மேடம். மல்லோய் சார் ஒரு தடவை பண்ண மாதிரி மறு தடவை பண்ண மாட்டாராமே. இவ்வளவு அச்சு அசலா இருக்குன்னா, யாரோ உக்காந்து பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கணும்."

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான். ஆனால் புரொபசர் சாண்ட்விச்சை வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"இதைத்தான் நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்!"

"எப்ப சொன்னீங்க?" என்றார் விவியன்.

"மனசுக்குள்ள!"

கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு மாறியது. டெலாஹன்டி படம் போலி. ஹார்வி பெருமூச்சு விட்டான். பாதி மூச்சு வெளியே வருவதற்குள் புரொபசர் மறுபடி ஆரம்பித்தார்.

"அப்படின்னா, ஒத்துப்போகுதுன்னு நாம அசல் சீட்டு குடுத்த மத்த படங்கள்லாம்?"

"அதுவும் போலி," என்றார் விவியன் மெதுவாக.

"ஒத்துப்போகலைன்னு முத்திரை குத்தினதெல்லாம்?"

"ஐயோ!"

"அவ்வளவு தூரம் போக வேணாமே சார்," என்றான் ஹார்வி.

"உண்மைன்னு வந்துட்டா பாதியில இறங்க முடியாது தம்பி! பத்திரிகைக்குச் சொல்லியாகணும்." புரொபசர் போனை எடுத்தார்.

ஒரு படத்துக்குப் பயந்து இத்தனை படங்களையும் கவிழ்த்தாயிற்று. மியூசியங்கள், கோடீஸ்வரர்கள், ஒரு செனட்டர் எல்லோரும் வழக்குப் போடுவார்கள். முதல் சாட்சியாக ஹார்வியைத்தான் கூப்பிடுவார்கள்.

"சாப்பாட்டு நேரம் சார். பத்திரிகை ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க. நாளைக்குப் பேசலாமே?"

அப்போது வாசல் மணி அடித்தது.

டெலாஹன்டி அம்மாள் உள்ளே வந்தார். கூடவே கறுப்புக் கோட்டு போட்ட, கதவளவு மனிதர் ஒருவர். வக்கீலையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஹார்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

விவியன் படத்தின் முதுகைத் திருப்பிக் காட்டினார். "மன்னிக்கணும்மா. இது மல்லோய் பண்ணது இல்லை. போலி."

அந்த அம்மாள் சிவப்பு எழுத்தையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"குத்தினது யாரு?"

"நா... நான்தாங்க."

அவர் ஹார்வியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருப்பா. எவ்வளவு பெருசா குத்தியிருக்க!"

"என்னம்மா சொல்றீங்க?"

"இது எங்க வீட்டுக்காரர் ஃபிராங்க் பண்ணதுப்பா. சட்டைக்கு அச்சடிக்கிற கம்பெனியில இருந்தாரு. அந்த மல்லோய் படம் எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். வாங்க வசதி ஏது? நானே பண்ணித் தரேன்னு நிறைய பண்ணாரு. கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டாரு. அவர் ஞாபகமா எங்கிட்ட மிஞ்சினது இது ஒண்ணுதான். மருமகன் இது அசல், வித்தே தீருவேன்னு நிக்கிறான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான். இனிமே எவன் வாங்குவான்? எங்கிட்டயேதானே இருக்கும்?"

"உங்ககிட்டயேதாங்க இருக்கும்," என்றான் ஹார்வி. அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. பெர்னடெட் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரையும் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கறுப்புக் கோட்டுக்காரரின் கையை உலுக்கு உலுக்கென்று உலுக்கினான்.

"நீங்க வக்கீல்தானே சார்?"

"பக்கத்து வீடுங்க. சவ வண்டி ஓட்டறேன். இன்னிக்கு வண்டி சும்மா இருந்துது, அம்மாவைக் கொண்டு வந்து விட்டேன்."

புரொபசர் போனை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "பார்த்தீங்களா விவியன்? ஒத்துப்போறதுதான் குத்தம்னு சொன்னேனே!"

"எங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா," என்று விவியனும் காபியை நீட்டினார்.

டெலாஹன்டி அம்மாள் கண்ணைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காபியை வாங்கப் போனவர், விவியனின் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, இது இங்கயா இருக்கு! எங்க கராஜ்ல காயப்போட்டப்ப மூடிக்குக் கீழ ஒரு கொசு ஒட்டிக்கிச்சு, பிச்சா பெயிண்ட்டும் வந்துடும்னு ஃபிராங்க் அப்படியே விட்டுட்டாரு!"