குட்டியானையில் வந்த பிரேதம்

வலிக்கிறது என்று வெளியே சொல்லிவிட்டால் நமக்கு இரண்டு வேலை. வலியையும் தாங்க வேண்டும், கேட்க வந்தவர்கள் சொல்லும் வைத்தியத்தையும் தாங்க வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்டால், வலியாவது நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுக்கும் என்பேன்.

எனக்குப் பத்தாம் வகுப்பு முடிகிற சமயத்தில் கால்வலி தொடங்கியது. முழங்காலில் ஆரம்பித்து இடுப்புக்கு ஏறும். சில நாள் இரண்டு காலும் யாரோ இரவல் கொடுத்தவை மாதிரி கனக்கும். எங்கள் தூத்துக்குடியில் ஒரு டாக்டர், திருநெல்வேலியில் ஒரு டாக்டர், மதுரையில் ஒரு பெரிய டாக்டர் என்று பார்த்தோம். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் எல்லாவற்றிலும் நான் பிரமாதமாக இருந்தேன். (பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு ரிசல்ட் வாங்கியதே இல்லை.)

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்றதும் எங்கள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. "பிள்ள நடிக்கா. படிக்க மடி, சோம்பேறித்தனம்" என்றார்கள். எதிர்வீட்டு ரோஸ்லின் மாமி மட்டும் கொஞ்சம் பெரிய மனது பண்ணி, "நடிப்பு இல்ல, காத்துக் கருப்பா இருக்கும்" என்றாள்.

அம்மா என்னை நம்பினாள். அது இன்னும் ஆபத்தாகப் போயிற்று. "நடந்தா எலும்பு தேஞ்சுபோவும், படுளா" என்று கட்டிலிலேயே வைத்திருந்தாள். அந்த விடுமுறை முழுக்கப் படுத்தேன். படுக்கப் படுக்க வலி கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் மாடிப்படியைப் பார்த்தாலே மூச்சு வாங்கியது.

அப்பா கப்பலில் வேலை. கரைக்குப் பக்கத்தில் வந்து சிக்னல் கிடைத்தால் கூப்பிடுவார். "என்னளா, கால் எப்படி இருக்கு?" என்பார். "இருக்குப்பா" என்பேன். அதற்கு மேல் பேச இரண்டு பேருக்கும் தெம்பிருக்காது.

மதுரை டாக்டர்தான் பிரிசில்லா அக்காவிடம் அனுப்பினார். எங்கள் ஊரிலேயே பிசியோதெரபிஸ்ட், சின்ன வயது. என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வலிக்கிறது நிஜம்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். எதுவும் உடையவில்லை, ஆனால் நரம்புக்குச் சும்மா சும்மா கத்திப் பழகிவிட்டது, படுத்தே கிடந்தால் இன்னும் கத்தும், நடந்தால்தான் அடங்கும் என்று விளக்கினார்.

"தினமும் ஒங்க தெருமுனை ஐஸ் கம்பெனி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பு. வலிச்சாலும் அவ்வளவுதான், வலிக்காட்டியும் அவ்வளவுதான். கொஞ்ச நாள் போனதும் கூட்டிக்கலாம்."

இதில் 'வலிக்காட்டியும்' என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. எனக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மா மனசில்லாமல் சம்மதித்தாள். பஜாருக்குப் போய் ஒரு ஷூ வாங்கி வந்தாள். கிளிப்பச்சை நிறம், ஆரஞ்சு லேஸ். (அந்த நிறத்தில் யாரும் வாங்காததால் கடைக்காரர் விலை குறைத்தாராம். யாரும் ஏன் வாங்கவில்லை என்று அம்மா யோசிக்கவில்லை.) நடைப்பயிற்சி தொடங்கியது. நான் முன்னால் போவேன். பின்னால் அம்மா ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "உக்காருதியாளா?" என்பாள். ஐஸ் கம்பெனி வாசலில் நின்ற ஒரு அண்ணன், "வழி விடுங்கடே, ராணி வாராங்க, பின்னாலயே சிம்மாசனமும் வருது" என்றான். பதினாறு வயசில் ஒருத்திக்குச் சாக இது போதாதா?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தேன். வலி இல்லை. காலை மடக்கினேன், நீட்டினேன், மெத்தையில் உதைத்தேன். இல்லை. அம்மா மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். நான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போன் சார்ஜில் கிடந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

ஐஸ் கம்பெனி வந்தது. திரும்ப வேண்டிய இடம். ஆனால் ஒரு வருஷம் கழித்துக் கால் என்னுடையதாக இருக்கிறது. நானா திரும்புவேன்? தாண்டினேன். துறைமுகம் போகிற ரோட்டில் உப்பு லாரிகளோடு லாரியாக நடந்தேன். கடல்காற்று முகத்தில் அடித்தது. ஓரிடத்தில் ஓடவும் செய்தேன். (பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் நன்றாக ஓடினேன் என்றே சொல்லி வருகிறேன்.) பீச் வரைக்கும் போய்விட்டு, நடந்தே வீடு திரும்பி, அம்மா முன்னால் நின்று "இனிமே முக்காலி வேண்டாம்" என்று சொல்வதாகத் திட்டம்.

பீச் வந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். அதுதான் நான் அன்றைக்குச் சொந்தமாகச் செய்த கடைசி காரியம். எழுந்திருக்கப் பார்த்தால், இடுப்பிலிருந்து பாதம் வரை யாரோ கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. குணமாகிவிட்டது என்று நினைத்தேனே என்ற நினைப்புதான் வலியைவிட அதிகமாக அழவைத்தது.

அந்த வழியாகத்தான் ரெமி மாமா வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, மீன் வியாபாரம். மீனை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு குட்டியானை மினி லாரியில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஏளா, நீ இங்கன என்ன செய்யுத?"

"நடந்து வந்தேன் மாமா."

"ஒனக்குத்தான் கால் வராதே?"

"வந்துச்சு. இப்பதான் வரல."

மாமா அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் அதிகம் பேசாதவர். முகம் எப்போதும் சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர் மாதிரியே இருக்கும். முன்சீட்டில் காலை மடக்கி உட்கார முடியாததால், பின்னால் மீன்பெட்டிகளின் மேல் பலகையைப் போட்டு என்னை நீட்டிப் படுக்கவைத்தார். சாளை மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். வெயிலுக்கு மறைப்பாகத் தன் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டார்.

எங்கள் தெரு நெருங்கியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. யாரும் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது. வேட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இன்றுவரை என் மூளையில் அதைவிட நல்ல யோசனை உதித்ததில்லை. முகத்துக்கு இழுத்த வேட்டி கால்பக்கம் குறைந்தது. கிளிப்பச்சை ஷூ இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சரியாகப் பூசை முடிந்து சனம் தெருவில் இறங்கும் நேரம். எனக்கு அலுங்கக் கூடாது என்று மாமா வண்டியை ஊர்ந்துதான் ஓட்டினார். யாரோ, "வண்டில யாரு?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"நம்ம ஷெரின்தான்," என்றார் மாமா. "பீச்சுல கெடந்தா. தூக்கிட்டு வாரேன்."

அத்தனையும் உண்மை. ஒரு சொல்லிலும் பிழை கிடையாது.

அடுத்த நொடி ரோஸ்லின் மாமியின் குரல் வானத்தைக் கிழித்தது. "ஏ என் தங்கமே! கால் வலிக்கி கால் வலிக்கின்னு கதறுனியேளா, ஒருத்தரும் கேக்கலியே!" வண்டி நின்றது. நாலு பக்கமும் அழுகை. நான் அடக்கமானவளாம், கெட்டிக்காரியாம், பாட்டுக் குழுவில் என் குரல் தேனாம். (என்னைப் பின்வரிசையில் நின்று வாயசைக்கச் சொன்னவரே இதைச் சொன்னார்.) உடனே எழுந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும்போது இப்படியெல்லாம் யார் சொன்னார்கள்? இன்னும் கொஞ்சம் கேட்போமே என்று கிடந்தேன்.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. அழவில்லை. "ஏளா" என்றாள். ஒரே ஒரு தடவை.

சடாரென்று எழுந்து உட்கார்ந்தேன். தெருவே அலறியது. ரோஸ்லின் மாமி சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா வண்டியில் ஏறி, கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, மீன் வாடையோடு சேர்த்து முத்தமிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். ஆனால் யாரோ அதற்குள் என்னைப் போட்டோ எடுத்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தார்கள். அது துபாய்க்குப் போய், அங்கிருந்து, அன்றைக்கென்று கரைக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவின் கப்பலுக்குப் போயிருக்கிறது. வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. அம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, நான்தான்."

கப்பல் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அப்பா அழுகிற சத்தம். அவர் அழுது நான் கேட்டதில்லை.

வெகுநேரம் கழித்து, "எதுக்குளா அவ்வளவு தூரம் போன?" என்றார்.

"வலிக்கலப்பா. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா."

"சரி," என்றார் அப்பா. "சரிளா."

அதற்கப்புறம் பல நாள் கட்டிலில் கிடந்தேன். பிரிசில்லா அக்கா திட்டுவார் என்று பயந்தேன். அவர் சிரித்துவிட்டு, "எல்லாரும் நல்ல நாள்லதான் மாட்டுவாங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். இந்த முறை ஐஸ் கம்பெனிகூட இல்லை, பக்கத்து வீட்டு வாசல். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. வலித்த நாளும் அவ்வளவுதான், வலிக்காத நாளும் அவ்வளவுதான். பீச் வரைக்கும் நடந்தே போய் நடந்தே வர எனக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுத் தூங்கினேன்.

வலி முழுசாகப் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் நிற்கிறேன், அதுபாட்டுக்கு அது, என்பாட்டுக்கு நான்.

போன வருஷம் மணப்பாட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த தூரத்து உறவு மாமி ஒருத்தி என்னையே உற்றுப் பார்த்தாள். "நீ கப்பல்காரர் மவதான? ஒனக்கு ஒரு அக்கா இருந்தாள்லா? பாவம், சின்ன வயசுலயே கால்வலில செத்துப்போனா. போன்ல போட்டோ வந்துச்சே."

இரங்கல் செய்தி போன ஊருக்கெல்லாம் மறுப்புச் செய்தி போகவில்லை. விளக்கலாம்தான். முதலிலிருந்து சொல்ல வேண்டும், பிறகு அவள் ஒரு தைலம் சொல்வாள். எனக்குத் தெம்பில்லை. "ஆமா மாமி" என்றேன். பக்கத்தில் அம்மாவுக்குப் புரையேறியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இல்லாத அக்கா குடிவந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்தால் அக்கா. ஃபேனை அணைக்காமல் போனால் அக்கா. இப்போது அப்பா கப்பலை விட்டு வீட்டோடு இருக்கிறார். சாயங்காலம் என்னோடு நடக்க வருவது அவர்தான். நேற்று எனக்குக் கால் ரொம்பவே முடியவில்லை. "இன்னைக்கு வேண்டாம்பா, படுக்கேன்" என்று கட்டிலில் சாய்ந்தேன்.

அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒங்க அக்கா படுக்கட்டும். நீ எந்திரிச்சு வா."