என் மகளுக்கு நன்றாகவே வாய் உண்டு, சார்

மரியாதைக்குரிய தொழிற்சாலை மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் தகப்பன், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம் என்றுதான் எழுத வேண்டும். இந்தக் கடிதம் எழுதுவது மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும். கிடைத்தால்கூடத் தேவலை, அவள் திட்டிக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பிரிவுத் தலைவர் பதவிக்கு அவளைப் பரிசீலித்துவிட்டு, வேலை சுத்தம், ஆனால் ஆளுமை போதாது, கூட்டங்களில் வாயே திறப்பதில்லை என்று நீங்கள் சொன்னதாக அவள் அம்மாவிடம் போனில் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். வாய் திறக்க மாட்டாளா? யார், என் மகளா? பள்ளிக்கூடம் போகும்போதே, எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பரை, வாட்டம் சரியில்லை என்று திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டவைத்தவள் சார் அவள். அந்த மனுஷன் இன்றைக்கும் நாங்கள் கூப்பிட்டால், "பாப்பா வீட்ல இருக்கா?" என்று விசாரித்துக்கொண்டுதான் வருவார். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்ற டாக்டரிடம் வாதாடி, என்னைப் பல்லோடு வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பல் இன்னும் வலிக்கிறது, அது வேறு கதை, ஆனால் வாயில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் அத்தனை டிரைவர்களும் என் குரலைக் கேட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். வீட்டில் அவள் "அப்பா, போதும்" என்றால் போதும்தான்.

பின்னே கூட்டத்தில் ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள். அதனால், நிலையத்தில் கழித்துப்போட்ட ஓட்டை மைக் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். மைக் யார் கையிலோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், முடித்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் வளர்ந்தது இப்படி. உங்கள் கூட்டத்திலோ ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கித்தான் பேசுகிறார்களாம். இவள் தன் முறை வரும், வரும் என்று உட்கார்ந்தே இருக்கிறாள். யாராவது கொடுத்தால்தானே?

நானும் சும்மா இருக்கவில்லை. மேஜையைத் தட்டிப் பேசும்மா என்று யோசனை சொன்னேன். தட்டினாள். தங்கள் சட்டையில் டீ கொட்டியது அப்படித்தான், அதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்றிலிருந்து அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயராம். என் தங்கை, அதாவது அவள் அத்தை, குரலைத் தாழ்த்திப் பேசு, தானாகக் கேட்பார்கள் என்றாள். தாழ்த்தினாள். தொண்டை சரியில்லையா என்று அரை நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அவளோடு வேலை பார்க்கும் இளைஞர் கத்தினால் அது தலைமைப் பண்பு. இவள் கத்தினால் கோபக்காரி, கத்தாவிட்டால் ஊமை. என்ன சார் நியாயம் இது? ஒரு பெண் எவ்வளவு சத்தத்தில் பேசலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், ஒலிபெருக்கியைக் கூட்டிக் குறைத்துப் பழகினவன் நான், சரியாக வைத்துத் தருகிறேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? அவள் வேலைக்காக உங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து வீடு வீடாகவே இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், மூடுங்கப்பா என்று சொல்ல ஆளில்லை. ஈரத் துண்டை வேண்டுமென்றே நாற்காலியில் போடுகிறேன். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து உலர்த்துகிறாள். அவளும் மகள் போடும் அந்தச் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நேற்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும், நீங்க முதல்ல சாப்பிடுங்க, நீ முதல்ல சாப்பிடு என்று அடுத்த வீட்டு விருந்தாளிகள் மாதிரி உபசரித்துக்கொண்டோம். ரொம்ப ஏக்கமா இருக்கு சார். அப்பேர்ப்பட்ட சண்டைக்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுக்கு வாய் இல்லை என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே அந்தப் பதவியை அவளுக்கே கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பம்பு ஒன்றும் ஒழுகாமல் ஓடவும், தங்கள் பல் ஒன்றும் ஆடாமல் இருக்கவும் மனதார வாழ்த்தும்,

சண்டைக்காரியின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகளே போன் செய்தாள். நேராகத் தங்கள் அறைக்கு வந்து, "இந்த வேலைக்கு நான்தான் சரியான ஆள். இல்லைன்னா ஏன்னு சொல்லுங்க" என்று கேட்டாளாம், நீங்களும் கொடுத்துவிட்டீர்களாம். ரொம்ப சந்தோஷம். ஆனால் பதவி அங்கே இல்லையாம், கடல் தாண்டித் திறக்கப்போகும் புதுத் தொழிற்சாலையிலாம், வருடத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வர முடியுமாம். சார், மேலே எழுதியது அத்தனையும் பெற்ற பாசத்தில் அளந்தது. அவள் சுத்த வாயில்லாப் பூச்சி. பிளம்பரை மிரட்டியவன் நான். அவள் கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறிவிடுவாள். ஆளுமை போதாது என்று நீங்கள் முதலில் சொன்னதே சரி. போனில் நான், "நல்லபடியா போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தயவுசெய்து அதை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.